கேமரா கண்டதைக் கண் காண்பது எப்போது?

வேலை முடிந்து ஏணியை மடக்கும்போது, கேமரா பொருத்த வந்தவர் எல்லா ஊரிலும் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: "மொபைல்ல தெரியுதா பாருங்க, சார்." திரையில் வாசற்கதவும் செருப்பு வரிசையும் தெரிகின்றன. பணம் கைமாறுகிறது, அவர் கிளம்பிவிடுகிறார். சுவரில் இருக்கும் கேமராவிலிருந்து கையில் இருக்கும் போனுக்கு அந்தப் படம் எந்த வழியில் வந்தது, வீட்டு ரவுட்டரைத் தாண்டி நேரே வந்ததா, வேறொரு நாட்டு சர்வரைச் சுற்றிக்கொண்டு வந்ததா, எத்தனை நொடி பிந்தி வந்தது, நடுவழியில் யாரெல்லாம் அதைத் திறந்து பார்க்க முடியும் என்பதை இருவருமே பேசுவதில்லை. எத்தனை மெகாபிக்சல், இரவில் நிறம் தெரியுமா, எத்தனை டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்று எல்லாவற்றுக்கும் விலை பேசியாயிற்று. படம் பயணப்படும் முறையை மட்டும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பெட்டியோடு வந்த செயலி அதைத் தானே முடிவு செய்துவிட்டது.

இன்றைய பேச்சு அந்தத் தேர்வைப் பற்றியது.

ஆர்டிஎஸ்பி, எச்எல்எஸ், வெப்ஆர்டிசி, ஆர்டிஎம்பி, மோஷன் ஜேபெக் என்று இந்தத் துறையில் பெயர்கள் நிறைய. ஒவ்வொன்றும் மூன்று ஆசைகளுக்கு நடுவே செய்துகொண்ட ஓர் உடன்பாடு. படம் உடனே வர வேண்டும். சிதையாமல் வர வேண்டும். எந்தக் கருவியில் திறந்தாலும் தெரிய வேண்டும். மூன்றையும் முழுதாகத் தரும் வழி இன்றுவரை இல்லை. அதனால் எது சிறந்தது என்ற கேள்வியில் தொடங்குபவர்கள் தடுமாறுகிறார்கள். பார்ப்பவர் யார், எங்கே உட்கார்ந்து பார்க்கிறார், எத்தனை நொடித் தாமதத்தை அவருடைய வேலை தாங்கும் என்று தொடங்குபவர்களுக்குப் பாதி விடை அப்போதே கிடைத்துவிடுகிறது.

இதற்கு நல்ல சான்று, இந்தக் குடும்பத்தின் மூத்த கேமராவே. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே இருந்த காபிக் குடுவையைத் தத்தம் மேசையிலிருந்தே பார்ப்பதற்காக ஆய்வாளர்கள் ஒரு கேமராவை வைத்தார்கள். 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறைதான் புதுப்பிக்கப்படும். காபி மெதுவாகத்தான் நிரம்பும் என்பதால் அதற்கு மேல் வேகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1993 நவம்பரில் அந்தக் குடுவை உலகளாவிய வலையில் ஏறியது. 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமரா அணைக்கப்படும்வரை உலகமே அதைப் பார்த்தது. 1996இல் ஸ்வீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம், கணினியின் துணையில்லாமல் நேரே நெட்வொர்க்கில் செருகக்கூடிய நெட்ஐ 200 கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறிய அளவுப் படம் நொடிக்கு ஒன்று. பெரிய அளவுப் படம் வேண்டுமானால் 17 நொடிக்கு ஒன்று. கடையில் திருடியவர் 17 நொடியில் தெருமுனையைத் தாண்டியிருப்பார். ஆனாலும் தொலைவில் இருக்கும் அணைக்கட்டின் நீர்மட்டத்தைக் கவனிப்பவருக்கு அந்த வேகமே தாராளம்.

அந்தக் காலத்துக் கேமராக்கள் அனுப்பியவை தனித்தனி ஜேபெக் படங்கள். அவற்றை வரிசையாக அடுக்கி அனுப்பினால் மோஷன் ஜேபெக். இதில் ஒரு வசதி உண்டு: எந்தப் பிரவுசரும் கூடுதல் மென்பொருள் இல்லாமலே காட்டிவிடும், ஒரு படம் கெட்டாலும் அடுத்த படம் முழுதாக வரும், தாமதமும் குறைவு. விலைதான் அதிகம். முழு எச்டி ஃப்ரேம் ஒன்று ஜேபெக் வடிவில் 250 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு 50 மெகாபிட் ஆகிறது. நான்கு கேமராவுக்கு 200 மெகாபிட். சாதாரண 100 மெகாபிட் ஸ்விட்ச் இரண்டாவது கேமராவிலேயே மூச்சுத் திணறும். நொடிக்கு ஒரு படம் போதும் என்ற இடங்களில், சிறு மின்னணுப் பலகை கொண்டு வீட்டிலேயே கேமரா செய்பவர்களிடத்தில், மோஷன் ஜேபெக் இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற இடங்களில் அதன் காலம் முடிந்தது.

முடித்துவைத்தது 2003இல் வெளிவந்த எச்.264 என்ற படச் சுருக்க முறை, அதாவது கோடெக். இதன் வேலை மளிகைக் கடைக் கணக்குப் போன்றது. கடைக்காரர் மாதத்தின் முதல் நாள் இருப்பை முழுதாக எண்ணி எழுதுவார். அடுத்த நாட்களில் வரவையும் விற்பனையையும் மட்டும் குறிப்பார். எச்.264 கோடெக்கும் ஒரு முழு ஃப்ரேமை அனுப்பிவிட்டு, பிறகு மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. முழு ஃப்ரேமுக்கு ஐ-ஃப்ரேம் என்று பெயர், மாற்றக் குறிப்புக்குப் பி-ஃப்ரேம். சுருக்காத முழு எச்டி படம் நொடிக்கு 25 ஃப்ரேம் என்ற கணக்கில் 622 மெகாபிட் கேட்கும்; எச்.264 அதையே 4 மெகாபிட்டில் பார்க்கும்படி தந்துவிடுகிறது. கணக்கேட்டில் நடுவே ஒரு தாள் கிழிந்தால் அடுத்த முறை இருப்பு எண்ணும்வரை எல்லாத் தொகையும் தவறாகவே வரும். கேமராப் படத்திலும் அப்படித்தான். படத்தை ஏந்தி வரும் தரவுப் பொட்டலம் ஒன்று தொலைந்தால் அடுத்த ஐ-ஃப்ரேம் வரும்வரை முகங்கள் சாம்பல் நிறக் கட்டங்களாகக் கரைந்து ஓடும். அந்த இடைவெளி இரண்டு நொடியா பத்து நொடியா என்பது கேமராவின் அமைப்பில் இருக்கும் ஓர் எண். அதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

இனி வழிகளைப் பார்க்கலாம். முதலில் ஆர்டிஎஸ்பி.

1998 ஏப்ரலில் ஆர்எஃப்சி 2326 என்ற ஆவணமாக இது வெளிவந்தது. எழுதியவர்கள் மூவர்: கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹென்னிங் ஷுல்ஸ்ரின்னே, நெட்ஸ்கேப்பின் அனுப் ராவ், ரியல்நெட்வொர்க்ஸின் ராப் லான்ஃபியர். இணையத்தில் திரைப்படமும் பாட்டும் கேட்பதற்காகப் பிறந்த இந்த நெறிமுறையை அந்த உலகம் பின்னாளில் கைவிட்டது. காவல் கேமராக்கள் பிடித்துக்கொண்டன. இன்று நெட்வொர்க் கேமரா வாங்கினால் பெரும்பாலும் அதன் 554ஆம் போர்ட்டில் ஆர்டிஎஸ்பி காத்திருக்கும். 2008இல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஆன்விஃப் அமைப்பின் தரங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன. ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொரு நிறுவனத்தின் என்விஆர் என்ற பதிவுக் கருவியில் இணைக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

ஆர்டிஎஸ்பி படத்தைச் சுமப்பதில்லை. அது தொலைஇயக்கி மாதிரி கட்டளை மட்டும் இடுகிறது. பதிவுக் கருவி முதலில் "உன்னிடம் என்ன இருக்கிறது, விவரி" என்று கேட்கும். கேமரா தன் கோடெக், ஒலி வகை, தடங்கள் எல்லாவற்றையும் ஒரு சிறு குறிப்பாக அனுப்பும். பிறகு "இந்தத் தடத்தை ஆயத்தம் செய்", அதன் பிறகு "ஓட்டு". ஓட்டு என்றதும் படத்தைச் சுமந்துவருவது ஆர்டிபி என்ற வேறொரு நெறிமுறை. அதன் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு வரிசை எண்ணும், நொடியை 90,000 கூறாக வகுத்த ஒரு நேர முத்திரையும் இருக்கும். எது தொலைந்தது, எது முந்தி வந்தது என்று வாங்கும் கருவி அதை வைத்துத்தான் அறிகிறது.

இங்கே ஒரு கிளைப்பாதை வருகிறது. ஆர்டிபி பொட்டலங்களை யுடிபி வழியாக அனுப்பலாம், டிசிபி வழியாகவும் அனுப்பலாம். யுடிபி அனுப்பிவிட்டு மறந்துவிடும். தொலைந்ததைத் திருப்பி அனுப்பாது, அதனால் காத்திருப்பும் இல்லை. டிசிபி ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை கேட்கும், வராததை மறுபடி அனுப்பும், அதுவரை பின்னால் வந்தவற்றை நிறுத்தி வைக்கும். நேரலைக்கு யுடிபி, கோப்புக்கு டிசிபி என்று பாடநூல்கள் சொல்வது இதனால்தான். கேமரா விஷயத்தில் அந்தப் பாடத்தை அப்படியே ஏற்க முடியாது.

கணக்குப் போட்டால் விளங்கும். 140 கிலோபைட் அளவுள்ள ஓர் ஐ-ஃப்ரேம் 1,400 பைட் பொட்டலங்களாகப் பிரிந்தால் நூறு பொட்டலம் ஆகும். வைஃபையில் நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலைகிறது என்று கொள்வோம். மாடிப்படிக்கு அப்பால் ரவுட்டர் இருக்கும் வீட்டில் இது பெரிய இழப்பு அல்ல. நூறும் தொலையாமல் வந்து சேரும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். அதாவது மூன்று ஐ-ஃப்ரேமில் ஏறக்குறைய இரண்டு காயத்தோடு வருகின்றன; அவற்றை நம்பி நிற்கும் பி-ஃப்ரேம்களும் கெடுகின்றன. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது ஒரு கணக் கண் உறுத்தல். பதிவாகிவிட்டால் அந்தக் காயம் நிரந்தரம். திருடனின் முகம் தெரிந்த அந்த ஒரு நொடி கட்டங்களாகக் கரைந்திருந்தால் காவல் நிலையத்தில் எதைக் காட்டுவது? பதிவுக்கு அரை நொடித் தாமதம் எந்தக் கேடும் செய்யாது. ஓட்டை விழுந்த படம் பெருங்கேடு. ஆகவே என்விஆருக்குப் போகும் ஆர்டிஎஸ்பியை டிசிபியில் வைப்பதே சரி. கேபிள் மோசமாக இருந்தால் டிசிபியிலும் படம் தேங்கி நிற்கும். அப்போது மாற்ற வேண்டியது கேபிளை.

யுடிபிக்கு உரிய இடமும் உண்டு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேமராவைத் திருப்பி, பெரிதாக்கி, ஓடும் வண்டியைத் தொடர்கிற காவலருக்கு ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு நொடியும் கணக்கு. அவர் பொத்தானை விட்ட பிறகும் படம் நகர்ந்துகொண்டிருந்தால் வண்டி சட்டகத்தைத் தாண்டிப் போயிருக்கும். நல்ல கேபிள் போட்ட உள் நெட்வொர்க்கில் யுடிபி அவருக்கு ஏற்றது. ஒரே கேமராவை இருபது திரைகளில் பார்க்க வேண்டிய பெரிய நிலையங்களில் மல்டிகாஸ்ட் என்ற வழியும் இருக்கிறது: கேமரா ஒரு பிரதியை மட்டும் அனுப்பும், ஸ்விட்சுகள் வேண்டியவர்களுக்குப் பிரித்துத் தரும். ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இயக்கப்படாவிட்டால் அந்தப் பிரதி எல்லாப் போர்ட்டிலும் வெள்ளமாகப் பாயும். சிறு கடைகளும் வீடுகளும் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இன்னொரு வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பெரும்பாலான கேமராக்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளைத் தருகின்றன: மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம். ஒரு திரையில் பதினாறு கேமராவையும் கட்டம் கட்டமாகக் காட்டும்போது ஒவ்வொரு கட்டமும் உள்ளங்கை அளவுதான். அதற்கு முழு எச்டி அனுப்புவது வீண். 640க்கு 360 அளவில், அரை மெகாபிட் சப் ஸ்ட்ரீம் போதும். பதினாறுக்கும் சேர்த்து 8 மெகாபிட். மெயின் ஸ்ட்ரீம் என்றால் 64 மெகாபிட் ஆகும். அதை விரித்துக் காட்ட வேண்டிய கணினியும் திணறும். "சாஃப்ட்வேர் ஹேங் ஆகுது" என்று வரும் புகார்களில் நிறைய இந்த ஓர் அமைப்பை மாற்றினால் தீர்ந்துவிடும்.

பதிவு எவ்வளவு கனமான பொறுப்பு என்பதைத் தமிழ்நாடு வலியோடு அறிந்திருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு, காவலில் இருந்தபோதே உயிரிழந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் குறித்திருந்தார்: ஹார்ட் டிஸ்கில் போதிய இடம் இருந்தும், அன்றாடம் பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்தக் கேமராக்களில் நேரலை ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆதாரமாக எதுவும் மிஞ்சவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் தெரியும், ஒலியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 18 மாதம் என்பது சிறிய சொல் அல்ல. 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா நாளுக்கு 21.6 ஜிபி சேர்க்கும். 18 மாதத்தில் ஏறத்தாழ 12 டெராபைட். ஒரே கேமராவுக்கு. அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் நிலையம் எது என்று கேமராக்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஓடை எந்த வேகத்தில் எந்த டிஸ்கில் விழுகிறது, எந்த நாளில் அழிகிறது என்பதை எண்ண வேண்டும்.

ஆர்டிஎஸ்பியின் பெரிய குறை, பிரவுசர்கள் அதை அறியா. குரோமிலோ சஃபாரியிலோ கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைத் தட்டினால் படம் வராது. முன்பெல்லாம் கேமராக்கள் இதற்கென ஆக்டிவ்எக்ஸ் துணைநிரல்களை நிறுவச் சொல்லும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் அவை ஓடும். சில கருவிகள் ஃப்ளாஷை நம்பின. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃப்ளாஷுக்கு விடைகொடுத்தது. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரரை ஓய்வுக்கு அனுப்பியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல டிவிஆர் பதிவுக் கருவிகளின் இணையப் பக்கம் வெறும் வெள்ளைத் தாளாக நின்றது. ஒரே நிறுவனத்தின் துணைநிரலை நம்பிக் கட்டிய வழிகளுக்கு நேர்ந்த கதி அது. கேமராவின் ஆயுள் பத்தாண்டு இருக்கலாம், செயலியின் ஆயுளுக்கு அப்படி உறுதி இல்லை.

பிரவுசருக்கான வழிகளில் பரவலானது எச்எல்எஸ். 2009இல் ஐபோனுக்காக ஆப்பிள் கொண்டுவந்தது. ஓடையைச் சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டிச் சாதாரணக் கோப்புகளாக வைத்துவிட்டு, அவற்றின் பட்டியலையும் வைக்கும். பார்ப்பவரின் கருவி பட்டியலைப் படித்துத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிக்கொள்ளும். சாதாரண இணையதளம் போலவே இயங்குவதால் எந்தத் தடுப்பையும் தாண்டும், லட்சம் பேருக்கும் தாங்கும். தாமதம்தான் இடிக்கிறது. பட்டியலின் கடைசியிலிருந்து மூன்று துண்டு நீளமாவது பின்தங்கித் தொடங்க வேண்டும் என்பது அதன் விதி; துண்டு 6 நொடி என்றால் 18 நொடி. வாசலில் மணியடித்தவர் 18 நொடி கழித்துத் திரையில் தெரிந்தால், அதற்குள் அவர் பக்கத்து வீட்டு மணியை அடித்துக்கொண்டிருப்பார். துண்டைச் சிறிதாக்கலாம் என்றால், ஒவ்வொரு துண்டும் ஐ-ஃப்ரேமில் தொடங்கினால்தான் சீராக ஓடும் என்ற கட்டுப்பாடு குறுக்கே வருகிறது. இடத்தை மிச்சப்படுத்தும் "ஸ்மார்ட் கோடெக்" அமைப்புகள், ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஐ-ஃப்ரேம்களை வெகுநேரம் தள்ளிப்போடுகின்றன. ஹார்ட் டிஸ்குக்கு அது லாபம். அதே ஓடையை எச்எல்எஸ் ஆக்கும்போது துண்டுகள் இஷ்டத்துக்கு நீளும், படம் திறக்கவே நேரமாகும். நேரலைக்குப் போகும் ஓடையில் அந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும். 2019இல் ஆப்பிள் அறிவித்த குறைதாமத எச்எல்எஸ் இந்த இடைவெளியைச் சில நொடிகளுக்குக் குறைத்தது. ஆனால் சர்வரும் பிளேயரும் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

கோயில் விழா நேரலைக்கு இந்தத் தாமதம் பொருட்டே இல்லை. கேமராவிலிருந்தோ அதனருகே இருக்கும் கணினியிலிருந்தோ ஆர்டிஎம்பி வழியாக யூடியூபுக்கு ஓடையை ஏற்றினால், மக்களுக்குப் பிரித்துத் தரும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஃப்ளாஷ் போனாலும், அதற்கெனப் பிறந்த ஆர்டிஎம்பி இந்த ஏற்றுமதி வேலையில் இன்னும் நிலைத்திருக்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் திறப்பதை வெளியூரில் இருக்கும் பக்தர் இருபது நொடி பிந்திப் பார்த்தால் தரிசனம் குறைந்துவிடாது.

உடனடியாகப் பார்க்க வேண்டியவர்களுக்கு வெப்ஆர்டிசி. 2011இல் கூகுள் இதன் நிரல்களைத் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில் முறையான தரமானது. காணொளி அழைப்புக்காகச் செய்யப்பட்டதால் தாமதம் அரை நொடிக்குள் அடங்கும். மறையாக்கம் இதில் கட்டாயம். எந்தப் பிரவுசரிலும் துணைநிரல் வேண்டாம். வாசல் மணிக் கேமராவில் இருபுறமும் பேச வேண்டுமானால் இதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. பேச்சு ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும், 400ஐத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இதைவிடத் தாமதமானால் வந்தவரும் வீட்டாரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் மௌனமாவார்கள்.

பழைய கேமராவை வெப்ஆர்டிசிக்கு மாற்ற அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கோ2ஆர்டிசி, மீடியாஎம்டிஎக்ஸ் போன்ற இலவசத் திறமூல மென்பொருள்கள் உள்ளே ஆர்டிஎஸ்பியை வாங்கி வெளியே வெப்ஆர்டிசியாகவோ எச்எல்எஸ்ஸாகவோ தரும். கேமராவின் கோடெக் எச்.264 ஆக இருந்தால் படத்தை அவிழ்த்து மறுபடி சுருக்கும் வேலை இல்லை. சிறிய கணினியே பல கேமராக்களைத் தாங்கும். வெப்ஆர்டிசி ஏற்கும் ஒலி வகைகளில் தொலைபேசிக் காலத்து ஜி.711ஐயும் கட்டாயம் சேர்த்திருப்பது கேமராக்காரர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு: பெரும்பாலான கேமராக்கள் பேசுவது அதைத்தான். எச்.265 மட்டும் முரண்டு பிடிக்கும். 2013இல் வந்த அந்தக் கோடெக் ஏறக்குறைய பாதி அளவில் அதே தரத்தைத் தருவதாகப் பெயரெடுத்தது. ஹார்ட் டிஸ்குக்கு மிக நல்லது. ஆனால் உரிமக் கட்டணச் சிக்கலால் பிரவுசர்கள் பல அதை வெகுகாலம் ஒதுக்கின. குரோமில் கணினியின் வன்பொருள் துணையோடு அது ஓடத் தொடங்கியதே 2022இல்தான். ஆகவே மெயின் ஸ்ட்ரீமை எச்.265இல் பதிவுக்கும், சப் ஸ்ட்ரீமை எச்.264இல் பார்வைக்கும் வைத்துக்கொண்டால் இரண்டு உலகமும் சண்டையில்லாமல் நடக்கும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் வீட்டுக்குள்ளே. கேமராவின் படம் வெளியே வரத் தொடங்கும் இடத்தில் ஆபத்தும் தொடங்குகிறது.

ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து கேமராவை நேரே இணையத்தில் விடுவது பழைய பழக்கம். 2016இல் மிராய் என்ற தீநிரல் அந்தப் பழக்கத்தின் விலையை உலகுக்குக் காட்டியது. இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் அது டெல்நெட் வாசலில் தட்டியது. தொழிற்சாலையில் வைத்த பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபது சொச்சம் இணைகளை ஒவ்வொன்றாக முயன்றது. கதவு திறந்தவற்றையெல்லாம் படையில் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டித்தரும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களை அந்தப் படை தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் முதலியவை பலருக்குத் திறக்கவில்லை. திருட்டைத் தடுக்க வாங்கிய கருவி, உரிமையாளர் அறியாமலே அடியாளாக வேலை பார்த்தது. ஆர்டிஎஸ்பியைத் திறந்து விடுவதும் பாதுகாப்பல்ல: வழக்கமான அமைப்பில் படம் மறையாக்கம் இன்றித்தான் போகிறது.

இந்தியாவில் பல இணைப்புகளில் போர்ட் திறப்பது இன்று நடக்காத காரியம். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் சிஜிநாட் முறை பரவிவிட்டது. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அந்த இணைப்பு பெரும்பாலும் அந்த வகை. அதற்கு விடையாகவே பெட்டியோடு வரும் செயலிகள் பி2பி முறையைக் கையாளுகின்றன: கேமரா தானே வெளியே போய் ஒரு சர்வரில் பெயரைப் பதிந்துகொள்ளும், போனும் அங்கே போய் அதைச் சந்திக்கும். வசதிதான். 2021 ஆகஸ்டில் கேலே என்ற அத்தகைய தளத்தில் இருந்த ஓட்டையை மாண்டியன்ட் நிறுவனம் வெளியிட்டது. கருவியின் அடையாள எண் தெரிந்தால் பிறருடைய கேமராவைக் கைப்பற்றலாம் என்பது அதன் சாரம். அந்தத் தளத்தில் 8.3 கோடிக்கு மேற்பட்ட கருவிகள் இருப்பதாக அதை நடத்திய நிறுவனமே சொல்லியிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில், வெர்காடா என்ற மேகச் சேவையின் நிர்வாகக் கணக்கு ஒன்று கைமாறியதால் மருத்துவமனைகளும் சிறைகளும் உட்படச் சுமார் ஒன்றரை லட்சம் கேமராக்கள் அந்நியர் கண்ணுக்குத் திறந்தன. படம் பிறர் சர்வரில் தங்கிப் போகும் வழியைத் தேர்ந்தால் அவர்களுடைய கவனக்குறைவுக்கும் நம் வீட்டார் பங்காளிகளாகிறார்கள். படுக்கையறையிலும் குழந்தைத் தொட்டிலருகிலும் அத்தகைய கேமராவை வைப்பது பெரிய தவறு.

நம்பத்தக்க வழி விபிஎன். ரவுட்டரிலோ சிறு கணினியிலோ வயர்கார்டு போன்றதை நிறுவி, போன் முதலில் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து, பிறகு உள்ளிருப்பவர் போலக் கேமராவைப் பார்ப்பது. சிஜிநாட் இருந்தால் நடுவே வாடகைக்கு ஒரு சிறு சர்வர் வேண்டும். தொடக்கத்தில் ஒரு மாலைப் பொழுது செலவாகும். அதன் பிறகு கேமராவின் எந்த வாசலும் தெருவைப் பார்த்துத் திறந்திராது.

மூன்று மாடி ஜவுளிக் கடை ஒன்றை எடுத்துக்கொண்டால் இவையெல்லாம் எப்படிச் சேருகின்றன என்று பார்க்கலாம். பதினாறு கேமரா, எல்லாம் லேன் கேபிளில். கேமராக்களுக்குத் தனி நெட்வொர்க்; பில் போடும் கணினிகளோடு கலக்கக் கூடாது, இணையத்துக்கு நேர்வழியும் கூடாது. மெயின் ஸ்ட்ரீம் ஒவ்வொன்றும் 4 மெகாபிட், டிசிபியில் என்விஆருக்கு. மொத்தம் 64 மெகாபிட் என்பதால் என்விஆரைத் தொடும் ஸ்விட்ச் போர்ட் ஜிகாபிட்டாக இருப்பது நல்லது. காவலாளியின் திரைக்கு சப் ஸ்ட்ரீம். முதலாளி வீட்டிலிருந்து பார்க்க, விபிஎன்னுக்குள் வெப்ஆர்டிசி. எல்லாவற்றையும் மேகத்தில் ஏற்றலாமே என்று யாராவது யோசனை சொன்னால் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 4 மெகாபிட் கேமரா ஒன்று நாளுக்கு 43.2 ஜிபி, பதினாறும் சேர்ந்தால் 691 ஜிபி. மாதம் 3,300 ஜிபி வரம்புள்ள இணைப்பு ஐந்தாம் நாளே தீர்ந்துவிடும். கல்லாவைப் பார்க்கும் ஒரு கேமராவின் அசைவுக் காட்சிகளை மட்டும் வெளியே ஒரு பிரதி அனுப்பி வைக்கலாம்; என்விஆரையே தூக்கிக்கொண்டு போகும் திருடர்களும் உண்டு.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை எளிது. கடையிலேயே ஒரு மடிக்கணினியில் விஎல்சி பிளேயரைத் திறந்து, கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைத் தந்து, செயலி இல்லாமல் படம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். வந்தால் அந்தக் கேமரா ஆர்டிஎஸ்பியை ஏற்கும் எந்த என்விஆரோடும் வாழும். நிறுவனம் நாளை செயலியை நிறுத்தினாலும் கண்ணை மூடாது. ஆன்விஃப் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் ப்ரொஃபைல் எஸ்ஸா, எச்.265ஐயும் உள்ளடக்கி 2018இல் வந்த ப்ரொஃபைல் டியா என்று கேட்க வேண்டும். இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் இணையக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிச் சான்று பெற்ற பிறகே விற்பனைக்கு வர வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறவரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மின்கலத்தில் ஓடும் கம்பியில்லாக் கேமராக்கள் பலவற்றில் ஆர்டிஎஸ்பி இருக்காது. மின்சாரத்தைச் சேமிக்க அவை தூங்கிக்கொண்டிருந்து, அசைவு தெரிந்தால் மட்டும் விழித்துத் தம் நிறுவனத்தின் சர்வருக்குத் துண்டுக் காட்சி அனுப்புகின்றன. தோட்டத்து வேலிக்கு அது போதும். இருபத்துநான்கு மணி நேரமும் பதிவு வேண்டிய கல்லாவுக்கு அதை வாங்கக் கூடாது.